மீத்தேனுக்கு மூன்று விடை: பிணைப்பு ஆற்றல் கணக்கில் எதை நம்புவது?

கேள்வி: 3 பிப்ரவரி 2025, இரவு 9.15

டீச்சர், பினாங்கு பட்டர்வொர்த்திலிருந்து எழுதறேன், மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்தின படிப்பு) படிக்கிறேன். மீத்தேன் எரியற கணக்கு. பிணைப்பு ஆற்றல் அட்டவணைய வச்சு என்தால்பி மாற்றம், அதாவது வினையோட வெப்ப மாற்றம், கண்டுபிடிச்சா எனக்கு −694 வருது. நோட்ஸ்ல −802. தரவுப் புத்தகத்துல −890. மூணுமே கிலோஜூல், மூணுமே ஒரு மோல் மீத்தேனுக்கு. நாலு தடவ போட்டுப் பார்த்துட்டேன், கூட்டல் கழித்தல்ல தப்பு இல்ல. இந்த முறையே நம்ப முடியாதது, பரீட்சைக்காக மட்டும் மனப்பாடம் பண்ணிட்டு விட்டுடணும்னு நினைக்கிறேன். சரிதானே?

3 பிப்ரவரி, இரவு 10.50

சரியில்லை தம்பி. முறையில் பழுதில்லை. உன் −694 எங்கிருந்து வந்தது என்று எண்ணைப் பார்த்ததுமே தெரிகிறது. கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்புக்கு 745 போட்டிருப்பாய்.

பிணைப்பு ஆற்றல் என்றால் ஒரு மோல் பிணைப்பை உடைக்க ஆகும் சக்தி. உடைவதை முதலில் எண்ணு. மீத்தேனில் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு 4, 413 வீதம் 1,652. ஆக்சிஜன் மூலக்கூறு 2, 498 வீதம் 996. மொத்தம் 2,648. இது நாம் கொடுக்க வேண்டியது.

இனி உருவாவது. இரண்டு நீர் மூலக்கூறில் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு 4, 463 வீதம் 1,852. கார்பன் டை ஆக்சைடில் இரட்டைப் பிணைப்பு 2. அதற்கு 745 போட்டால் 1,490, மொத்தம் 3,342. கொடுத்தது 2,648, கிடைத்தது 3,342, வித்தியாசம் −694. அதே இடத்தில் 799 போட்டுப் பார். 1,598, மொத்தம் 3,450, விடை −802. உன் நோட்ஸ் எண் வந்துவிட்டது.

745 என்பது கீட்டோன் மாதிரியான சேர்மங்களில் இருக்கும் இரட்டைப் பிணைப்புக்கான சராசரி. கார்பன் டை ஆக்சைடில் ஒரே கார்பனின் இரண்டு பக்கமும் ஆக்சிஜன் உட்கார்ந்திருக்கிறது. அங்கே பிணைப்பு இன்னும் இறுக்கம். அதனால்தான் அட்டவணைகளில் அதற்குத் தனி எண் கொடுப்பார்கள், பெரும்பாலும் அடிக்குறிப்பாகப் பொடி எழுத்தில். 799ஐயே எடுத்துக்கொள், அதுதான் சரியான எண்.

3 பிப்ரவரி, இரவு 11.35

−890ஐ விட்டுவிட்டேன். படுத்த பிறகு ஞாபகம் வந்து எழுந்து எழுதுகிறேன்.

பிணைப்பு ஆற்றல் கணக்கில் எல்லாமே வாயு. வினையில் வருகிற நீரும் நீராவிதான். தரவுப் புத்தகம் 25 டிகிரி செல்சியஸில், நீர் திரவமாக இருக்கும் நிலையில் கொடுக்கிறது. நீராவி திரவமாகும்போது ஒரு மோலுக்கு 44 கிலோஜூல் வெளிவரும். இங்கே இரண்டு மோல், 88. −802லிருந்து இன்னும் 88 இறங்கினால் −890.

ஆக உன் மூன்று எண்ணில் தப்பு ஒன்றுதான். மற்ற இரண்டும் உண்மை. ஒன்று நீராவிக்கு, ஒன்று திரவ நீருக்கு. விடை எழுதும்போது நீருக்குப் பக்கத்தில் நிலையை எழுதாமல் விடுவதால்தான் இத்தனை குழப்பமும்.

4 பிப்ரவரி, மதியம்

குறி பற்றி ஒரு விஷயம். ஜெலுத்தோங்கில் என் வீட்டு வாசல் அறையில் 19 வருஷமாகத் தியூசன் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் பாடத்தில் நான் சிவப்புப் பேனாவால் திருத்தியதில் பாதிக்கு மேல் கூட்டல் கழித்தல் குறிதான்.

காரணம் பிள்ளைகள் இரண்டு சூத்திரத்தை அடுத்தடுத்து மனப்பாடம் செய்வது. உருவாதல் என்தால்பியில், அதாவது தனிமங்களிலிருந்து ஒரு சேர்மம் உருவாகும்போதுள்ள வெப்ப மாற்றத்தில், விளைபொருள் கழித்தல் வினைபடுபொருள். பிணைப்பு ஆற்றலில் உடைந்தது கழித்தல் உருவானது, அதாவது வினைபடுபொருள் முன்னால் வந்துவிடுகிறது. ஏன் திரும்பிப் போச்சு என்று யாரும் சொல்வதில்லை.

உருவாதல் என்தால்பி என்ற எண் ‘கட்டும்’ திசையில் அளந்தது. பிணைப்பு ஆற்றல் ‘பிரிக்கும்’ திசையில் அளந்தது. திசை மாறினால் குறி மாறும். அவ்வளவுதான் இதில் இருக்கிற ரகசியம். ஹெஸ் என்ற வேதியியலாளர் 1840ல் சொன்ன விதிதான் இரண்டுக்கும் அடிப்படை: எந்த வழியில் போனாலும் மொத்த வெப்ப மாற்றம் ஒன்றே. முதல் வழியில் நடுவில் இறங்கும் இடம் தனிமங்கள். இரண்டாவது வழியில் நடுவில் ஏறி நிற்கும் இடம் தனித்தனி அணுக்கள். நான் பிள்ளைகளைச் சூத்திரம் எழுத விடுவதில்லை. ஒரு மேடு வரையச் சொல்வேன். இடது பக்கம் ஏறு, எல்லாப் பிணைப்பும் அறுந்து உச்சியில் அணுக்கள் தனித்தனியாக நிற்கட்டும். வலது பக்கம் இறங்கு. ஏறியதைவிட அதிகம் இறங்கினால் வெப்பம் வெளியே வந்திருக்கிறது.

6 பிப்ரவரி, இரவு

இன்னொரு தங்கச்சி கேட்டிருக்கிறாள்: “அக்கா, பயோலஜியில ஏ.டி.பி. பிணைப்பு உடையும்போது சக்தி வெளியாகுதுன்னு படிச்சோம். நீங்க உடைக்க சக்தி கொடுக்கணும்னு சொல்றீங்க. எது சரி?”

இந்தக் கேள்விக்காகவே இத்தனை நாள் காத்திருந்த மாதிரி இருக்கிறது எனக்கு.

பிணைப்பை உடைக்க எப்போதும் சக்தி கொடுக்க வேண்டும். விதிவிலக்கு வைத்து யோசிக்காதே. உடலின் செல்கள் சக்திக்காகப் பயன்படுத்தும் மூலக்கூறான ஏ.டி.பி.யிலும் அந்தப் பிணைப்பு அறுவதற்குச் சக்தி செலவாகிறது. ஆனால் அது நீரோடு வினைபுரிகிறது. அறுந்த இடத்தில் புதுப் பிணைப்புகள் வருகின்றன, வெளியே வரும் துண்டுகளை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து பிடித்துக்கொள்கின்றன, ஒரே வகையான எதிர்மின் (நெகட்டிவ்) சுமைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இருந்த நெருக்கடியும் குறைகிறது. எல்லாம் கூட்டிக் கழித்தால் இறக்கம் அதிகம். ‘உயர் ஆற்றல் பிணைப்பு’ என்று அதற்குப் பெயர் வைத்ததால் சக்தி ஏதோ அந்தப் பிணைப்புக்குள்ளே அடைத்து வைத்த மாதிரி தோன்றுகிறது.

நானே தியூசன் ஆரம்பித்த முதல் இரண்டு வருஷம், சோற்றில் சக்தி பிணைப்புக்குள்ளே இருக்கிறது, செரிக்கும்போது உடைந்து வெளியே வருகிறது என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு அப்படித்தான் சொல்லப்பட்டது. ஒரு மாணவி, படிவம் 5, எழுந்து கேட்டாள்: “அப்படின்னா உடைக்கிற எல்லாமே வெப்பம் உமிழணுமே டீச்சர், ஏன் மேடு வரையச் சொல்றீங்க?” அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பாடத்தை நிறுத்திவிட்டு, அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து யோசித்துத்தான் தெளிந்தேன். அதற்கு முந்திய இரண்டு வருஷத்துப் பிள்ளைகளுக்கு நான் தப்பாகச் சொல்லியனுப்பியது இன்றும் உறுத்துகிறது.

மலாய் பாடநூலில் பிணைப்புக்கு ‘இக்காத்தான்’ என்று வரும். ‘இக்காட்’ என்றால் கட்டுவது. இறுகக் கட்டியதைப் பிரிக்கக் கை வலிக்க வேலை செய்யணும். அந்தச் சொல்லை அப்படியே மனசில் பிடித்துக்கொண்டால் இந்தத் தப்பு வராது. இல்லையென்றால் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தம் இரண்டை எடு. பிரிக்க இழுக்க வேண்டும். அருகில் கொண்டுபோய் விட்டால் ‘டக்’கென்று தானே ஒட்டும். அந்தச் சத்தம் ஒட்டும்போது வெளியேறிய சக்தியில் ஒரு பங்கு.

11 பிப்ரவரி, தைப்பூசம்

நேற்று ரதம் பார்க்கப் போனபோது தியூசன் பிள்ளைகள் நாலு பேர் கூட வந்தார்கள். ரதம் போகிற வழியெங்கும் தேங்காய் மலை மலையாகக் குவிந்திருந்தது. பினாங்குத் தைப்பூசத்துக்கு வந்தவர்களுக்குத் தெரியும், ரதம் கடந்து போவதற்குள் சாலை முழுக்க ஓடும் ஓட்டுச்சில்லும் இளநீருமாக நனைந்துவிடும்.

அதில் ஒருவன் சொன்னான்: “டீச்சர், உடைச்சாதானே தண்ணி வெளிய வருது. பிணைப்பும் அப்படித்தான்னு மனசுல ஒட்டிடுச்சு.”

இந்தத் தப்பு பிள்ளைகள் மனசில் ஏன் இவ்வளவு ஆழமாக வேர் விட்டிருக்கிறது என்று நேற்றுதான் எனக்குப் புரிந்தது. நாம் பார்த்து வளர்ந்த உடைத்தல் எல்லாம் உள்ளே இருப்பதை வெளியே கொட்டும் உடைத்தல். தேங்காய், முட்டை, உண்டியல். அவனிடம் சொன்னேன், தண்ணீரைப் பார்க்காதே, ஓங்குகிற கையைப் பார். தேங்காய் உடைத்த அண்ணன்மார் சட்டை நனைய வேர்த்துக்கொண்டிருந்தார்கள். பிணைப்பு ஆற்றல் அட்டவணையில் இருப்பது அந்தக் கை செலவழித்தது. பிணைப்புக்குள்ளே தண்ணீர் கிடையாது.

13 பிப்ரவரி, இரவு

திருத்தம். 3ஆம் தேதி இரவு “799ஐயே எடுத்துக்கொள், அதுதான் சரியான எண்” என்று எழுதினேன். அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு அட்டவணையில் 805 இருக்கிறது என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். 805 போட்டால் மீத்தேனுக்கு −814 வரும். அளந்த மதிப்பு −802. அப்படியானால் 799 தானே வெல்கிறது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, அதனால்தான் அப்படி எழுதினேன். இன்று உட்கார்ந்து ஒவ்வொரு பிணைப்பாக அளந்த எண்களோடு ஒப்பிட்டேன்.

மீத்தேனை முழுசாக ஒரு கார்பன், நாலு ஹைட்ரஜன் அணுவாகப் பிரிக்க 1,663 தேவை. அட்டவணையின் 413ஐ நாலால் பெருக்கினால் 1,652. 11 குறைவு. கார்பன் டை ஆக்சைடை முழுசாகப் பிரிக்க 1,609 தேவை. 799ஐ இரண்டால் பெருக்கினால் 1,598. இங்கேயும் 11 குறைவு. ஏறுகிற பக்கம் 11 குறைவு, இறங்குகிற பக்கமும் 11 குறைவு. ஒன்றை ஒன்று விழுங்கிவிட்டு −802 என்று கச்சிதமாக வந்து நிற்கிறது. கார்பன் டை ஆக்சைடுக்கு உண்மையில் நெருக்கமான எண் 805தான்.

விடை சரியாக வந்தால் வழியும் சரி என்று நான் பிள்ளைகளை ஒருநாளும் எண்ண விட்டதில்லை. அந்தத் தப்பை இங்கே நானே செய்துவிட்டேன்.

இதோடு இன்னொன்று. மீத்தேனின் நாலு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பையும் ஒவ்வொன்றாக அறுத்தால் நாலுக்கும் ஒரே செலவு ஆவதில்லை. முதலாவதற்கு 439, அடுத்து 462, பிறகு 424, கடைசிக்கு 338. ஒன்றை அறுத்ததுமே மிச்சமிருக்கும் துண்டு வேறு ஆளாகிவிடுகிறது. நீரிலும் அப்படித்தான், முதலாவதற்கு 497, இரண்டாவதற்கு 430. கார்பன் டை ஆக்சைடில் இது உச்சம்: முதல் ஆக்சிஜனைப் பிரிக்க 532 போதும், மிச்சமிருக்கும் கார்பன் மோனாக்சைடைப் பிரிக்க 1,076 வேண்டும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 804. அந்த மூலக்கூறில் எந்த ஒரு படியிலும் 804 என்ற செலவு நடக்கவே இல்லை. அட்டவணை எண் என்பது இப்படிப்பட்ட சராசரி, பல சேர்மங்களில் எடுத்த சராசரியின் சராசரி.

16 பிப்ரவரி, ஞாயிறு

காலையில் கேஸ் தோங் (சமையல் எரிவாயு சிலிண்டர்) மாற்றினேன். 14 கிலோ. உள்ளே புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. 13ஆம் தேதி எழுதியதை அதை வைத்தே சோதித்துவிடலாம் என்று அடுப்பில் சாம்பார் கொதிக்கும்போதே போட்டுப் பார்த்தேன்.

பியூட்டேன் ஒரு மோல், ஆக்சிஜன் 6.5 மோல். உடைவது: கார்பன்–கார்பன் 3, 347 வீதம் 1,041. கார்பன்–ஹைட்ரஜன் 10, 4,130. ஆக்சிஜன் 3,237. மொத்தம் 8,408. உருவாவது: கார்பன்–ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு 8, ஆக்சிஜன்–ஹைட்ரஜன் 10. 805 போட்டால் 6,440, அதோடு 4,630, மொத்தம் 11,070. விடை −2,662. நீராவி நிலைக்கு அளந்த மதிப்பு −2,657. ஐந்து கிலோஜூல்தான் வித்தியாசம்! 799 போட்டால் −2,614, 43 விலகிப்போகிறது.

மீத்தேனில் தோற்ற எண் பியூட்டேனில் வென்றுவிட்டது. அதனால் தம்பி, பரீட்சைத் தாளில் எந்த அட்டவணை கொடுத்திருக்கிறார்களோ அதையே எடு. அதற்குள்ளேயே கடைசிவரை நில். ஒரு அட்டவணையிலிருந்து ஒரு எண், இன்னொன்றிலிருந்து இன்னொரு எண் என்று கலக்காதே. அளந்த மதிப்போடு 10, 20 விலகினால் பதறாதே. 100 விலகினால் உன் எண்ணிக்கையைச் சந்தேகப்படு.

17 பிப்ரவரி

“ஆக்சிஜனை 6.5 மோல் என்று எழுதலாமா?” எழுதலாம். ஒரு மோல் எரிபொருளுக்கு என்பதுதான் எரிதல் என்தால்பி. சமன்பாட்டை இரண்டால் பெருக்கினால் கடைசியில் விடையை இரண்டால் வகுக்க மறக்காதே.

22 பிப்ரவரி, இரவு

அந்தத் தோங் என்னை விடவில்லை. சக்தி எரிபொருளின் பிணைப்பில் அடைந்து கிடக்கவில்லை என்றால் அடுப்பில் எரிகிற சூடு எங்கிருந்து வருகிறது? ஆறாம் தேதி உடைப்பதை மட்டும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டது பாதிப் பதில்.

எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பு 614. கார்பன் டை ஆக்சைடில் கார்பன்–ஆக்சிஜன் இரட்டை 805. நைட்ரஜன் மூலக்கூறின் மும்மைப் பிணைப்பு 945. ஆக்சிஜன் மூலக்கூறில் இருப்பதும் இரட்டைப் பிணைப்புதான், ஆனால் 498. இரட்டைப் பிணைப்பு என்ற பெயருக்கு அது மிகவும் தளர்ந்தது. கார்பன்–ஹைட்ரஜன் ஒற்றைப் பிணைப்பே 413 இருக்கிறதே. ஆக, எரியும்போது தளர்ந்த அந்த ஆக்சிஜன் பிணைப்பு போய், அதன் இடத்தில் இறுக்கமான பிணைப்புகள் வருகின்றன. சூட்டின் பெரும்பங்கு அந்த மாற்றத்தில் இருக்கிறது.

கிளாஸ் ஷ்மிட்–ரோர் என்ற வேதியியலாளர் 2015ல் இதைத் தெளிவாக எழுதினார். கரிமப் பொருள் எதை எரித்தாலும், செலவாகும் ஒரு மோல் ஆக்சிஜனுக்கு ஏறக்குறைய 418 கிலோஜூல் வெளிவரும் என்றார். நான் நம் எண்களில் வகுத்துப் பார்த்தேன், நீராவி நிலைக்கு. மீத்தேன்: 802ஐ 2ஆல், 401. புரோப்பேன்: 2,044ஐ 5ஆல், 409. பியூட்டேன்: 2,657ஐ 6.5ஆல், அதுவும் 409. எரிபொருள் மாறுகிறது, ஆக்சிஜன் கணக்கு கிட்டத்தட்ட அசையவில்லை. இதைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

14 கிலோ தோங் ஒன்று முழுக்க எரிய ஏறக்குறைய 50 கிலோ ஆக்சிஜன் காற்றிலிருந்து வேண்டும். தோங்குக்குக் காசு கொடுக்கிறோம், தூக்கி வைக்கிறோம், அதனால் சக்தி முழுக்க அதற்குள்ளே இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். ஜன்னல் வழியாகச் சத்தமில்லாமல் வருகிற 50 கிலோவை யார் நினைக்கிறோம்?

2 மார்ச், ஞாயிறு

“அப்ப நைட்ரஜன் அவ்வளவு இறுக்கம்னா உரம் எப்படிச் செய்யறாங்க?” நல்ல கேள்வி. கெடாவில் குரூணில் அம்மோனியாவும் யூரியாவும் செய்கிற ஆலை இருக்கிறது, வடக்கே பஸ்ஸில் போனவர்கள் அந்த ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். நைட்ரஜன் 1, ஹைட்ரஜன் 3, அம்மோனியா 2. உடைவது 945, அதோடு 436 வீதம் 1,308, மொத்தம் 2,253. உருவாவது நைட்ரஜன்–ஹைட்ரஜன் 6, 391 வீதம் 2,346. விடை −93. அளந்தது −92. அழகாகப் பொருந்துகிறது.

கவனியுங்கள், வெப்பம் உமிழ்கிற வினைதான் இது. ஆனாலும் சும்மா வைத்திருந்தால் நடக்காது. என்தால்பி மாற்றம் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் சொல்லும். நடுவில் எவ்வளவு உயரம் ஏறணும் என்பதை அது சொல்லாது. இரும்பு வினையூக்கி, சுமார் 400–500 டிகிரி வெப்பம், பெரிய அழுத்தம் எல்லாம் அந்த ஏற்றத்துக்காகவும் விளைச்சலுக்காகவும்.

4ஆம் தேதி நான் சொன்ன மேட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நான் வரையச் சொன்னது கணக்குக்கான மேடு, எல்லா அணுவும் தனித்தனியாக நிற்கும் உச்சி. உண்மை வினை அவ்வளவு உயரம் ஏறுவதில்லை. பழைய பிணைப்பு தளரும்போதே புதியது கட்டத் தொடங்கிவிடும். இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

5 மார்ச்

முறை எங்கே கைவிடும் என்று கேட்டவருக்கு இரண்டு உதாரணம்.

பியூட்டேனும் ஐசோபியூட்டேனும். இரண்டிலும் கார்பன்–கார்பன் 3, கார்பன்–ஹைட்ரஜன் 10. இந்தக் கணக்கில் இரண்டுக்கும் ஒரே விடை. அளந்தால் எட்டு கிலோஜூல் போல வித்தியாசம் இருக்கிறது. கிளை விட்ட வடிவம் கொஞ்சம் உறுதியானது, அது அட்டவணைக்குத் தெரியாது.

பென்சீன். ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி வரைந்து கணக்குப் போட்டால் ஹைட்ரஜனேற்றத்துக்கு, அதாவது ஹைட்ரஜனைச் சேர்ப்பதற்கு, ஓர் இரட்டைப் பிணைப்புக்கு 120 வீதம் 3 தடவை, 360 கிலோஜூல் வெளிவர வேண்டும். வருவது 208தான். அந்த 152ஐ ‘பிழை’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். பென்சீனில் தனியாக இரட்டைப் பிணைப்பு என்று எதுவும் இல்லை, எலக்ட்ரான்கள் வளையம் முழுக்கப் பரவியிருக்கின்றன என்பதை அந்த எண்தான் சொல்கிறது. வேதியியலாளர் லைனஸ் பாலிங்கும் இப்படித்தான் யோசித்தார். ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பு 436, குளோரினுடையது 242, இரண்டின் சராசரி 339. ஹைட்ரஜன் குளோரைடு 431 இருக்கிறதே, இந்த மிச்சம் ஏன் என்று கேட்டார். அந்த மிச்சத்திலிருந்துதான் 1932ல் எலக்ட்ரான் கவர்திறன் (பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்களை ஒரு அணு தன் பக்கம் இழுக்கும் திறன்) அளவுகோலே பிறந்தது.

9 மார்ச், காலை

பட்டர்வொர்த் தம்பி புரோப்பேனுக்குப் போட்ட கணக்கைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். உடைவது 694, 3,304, 2,490, மொத்தம் 6,488. உருவாவது 4,830, 3,704, மொத்தம் 8,534. விடை −2,046. பக்கத்தில் மேடும் வரைந்திருக்கிறான், சூத்திரம் எங்கேயும் இல்லை. எல்லாம் சரி. சமன்பாட்டில் நீருக்குப் பக்கத்தில் மட்டும் நிலை எழுதவில்லை. ‘வாயு’ என்று எழுதிவிட்டு மறுபடி அனுப்பு தம்பி.